பூஜை அறையில் ஒரு கிளிமானூர்க்காரர்

கழக்கூட்டத்தில் என் மகன் ஃபிளாட் வாங்கி கிருஹப்ரவேசம் செய்தபோது, எங்கள் அகத்துப் பழைய சரஸ்வதி படத்தை ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அது என் பாட்டியின் படம். தேவியின் கிரீடத்துக்கும் புடவைக் கரைக்கும் பாட்டி தன் கையாலேயே ஜிகினா ஒட்டியிருந்தாள். பாதி உதிர்ந்துவிட்டது. கண்ணாடிக்குள் கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் ரவிவர்மா பிரஸ் என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். சின்ன வயதில் அதைப் பிரஸ்காரர் பெயர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

புது அகத்தில் அதை மாட்டிய அன்று, எட்டாம் வகுப்பு படிக்கும் பேத்தி ஒரு கேள்வி கேட்டாள். சரஸ்வதி இப்படித்தான் இருப்பாள் என்று யார் பார்த்தது? ஓவியர் மனதில் பார்த்திருப்பார் என்றேன். இல்லை தாத்தா, யாரோ ஒரு பெண்மணியை எதிரே உட்கார வைத்துத்தான் வரைவாராம், அப்படியானால் நாம் நமஸ்காரம் பண்ணுவது சரஸ்வதிக்கா அந்த மாமிக்கா என்றாள். மாட்டுப்பெண் அவளை அதட்டி உள்ளே அனுப்பினாள். எனக்குப் பதில் வரவில்லை.

அந்த ஓவியர் பிறந்ததும் இறந்ததும் கழக்கூட்டத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் கிளிமானூரில். வெஞ்ஞாறமூடு போய் எம்.சி. ரோட்டைப் பிடித்தால் போதும். மகனும் மாட்டுப்பெண்ணும் டெக்னோபார்க்கில் ஆபீசுக்குப் போய்விட்டால் பகல் முழுவதும் எனக்கு வேலை எதுவும் இல்லை. படித்தேன், இரண்டு மூன்று தடவை போய்ப் பார்த்துவிட்டும் வந்தேன்.

முதலில் இந்த இரண்டு ஊர்களைப் பற்றி ஒரு வார்த்தை. திருவிதாங்கூரை ஒரே ராஜ்யமாக்கிய மார்த்தாண்ட வர்மா மஹாராஜாவை எதிர்த்த எட்டு வீட்டில் பிள்ளைமார்களில் கழக்கூட்டத்துப் பிள்ளையும் ஒருவர். அவர்களை ஒடுக்கிய மஹாராஜா அவர்கள் வீடுகளை இடித்துக் குளம் தோண்டினார் என்பது இந்தப் பக்கத்து வழக்கு. கிளிமானூர் குடும்பமோ மஹாராஜாவின் தகப்பனார் வழி. ராஜகுடும்பத்துப் பெண்களுக்கு மாப்பிள்ளை கொடுத்த கோயில் தம்புரான்கள். அவர்களுக்கு நிலமும் வரிவிலக்கும் கிடைத்தன. ஒரு வீடு குளமாயிற்று, இன்னொரு வீடு கொட்டாரமாயிற்று. அந்தக் கொட்டாரத்தில் 1848 ஏப்ரல் 29 அன்று ரவிவர்மா பிறந்தார்.

தகப்பனார் எழுமாவில் நீலகண்டன் பட்டதிரி, சம்ஸ்கிருத வித்வான். தாயார் உமாம்பா பாய் தம்புராட்டி துள்ளல் பாட்டு இயற்றியவர். குழந்தை கரித்துண்டால் சுவரெல்லாம் யானையும் குதிரையும் கிறுக்கி வேலைக்காரர்களிடம் திட்டு வாங்கியதென்றும், தாய்மாமன் ராஜராஜ வர்மா மட்டும் அதைக் கண்டிக்காமல் நின்று பார்த்தாரென்றும் சொல்வார்கள். அந்த மாமாவும் படம் எழுதுகிறவர், அதுவும் நம் தஞ்சாவூர் பாணியில். முதல் பாடம் அவரிடம்தான். 1862-ல், பதினான்கு வயதில், மாமா அவரைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்து வந்து ஆயில்யம் திருநாள் மஹாராஜா முன் நிறுத்தினார். மஹாராஜாவுக்குப் பையனைப் பிடித்துப்போயிற்று. கோட்டைக்குள் மூடத்து மடத்தில் தங்க இடமும் கொடுத்தார்.

அப்போது அரண்மனையில் எண்ணெய் வண்ணம் தெரிந்தவர் ராமசாமி நாயக்கர் என்ற மதுரை ஓவியர் ஒருவரே. அவர் இந்தப் பையனுக்குச் சொல்லித் தர மறுத்துவிட்டார். அவருடைய சிஷ்யர் ஆறுமுகம் பிள்ளை இரவில் ரகசியமாக வந்து கொஞ்சம் காட்டிக்கொடுத்ததாகக் கதை உண்டு. 1868-ல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் ராஜகுடும்பத்தின் உருவப்படங்களை எழுத வந்தார். அவரும் கற்றுக்கொடுக்கவில்லை. மஹாராஜா சொன்னதற்காக, தான் வரையும்போது பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் அனுமதித்தார். ஆக, வாய்விட்டு யாரும் பாடம் சொல்லாமல், பார்த்துப் பார்த்தே எண்ணெய் வண்ணம் படித்தவர் ரவிவர்மா. வேதமும் சங்கீதமும் குருமுகமாகத்தான் வர வேண்டும் என்று வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் உறுத்தும். ஆனால் அவர் கை எப்படிப்பட்டது என்று புரிந்துகொள்ள இது முக்கியம். கண்ணை நம்பித்தான் அந்தக் கை நகர்ந்தது.

1866-ல் மாவேலிக்கரை பாகீரதி தம்புராட்டியோடு விவாஹம். அந்த அம்மாளின் சகோதரிதான் திருவிதாங்கூர் ராணி லக்ஷ்மி பாய். பிறகு மூகாம்பிகை கோயிலில் 41 நாள் பஜனம் இருந்துவிட்டுத் திரும்பும் வழியில், கோழிக்கோட்டில் சப்-ஜட்ஜ் கிழக்கே பாலாட்டு கிருஷ்ண மேனோன் குடும்பத்தை வரைந்தார். கூலி வாங்கி எழுதிய முதல் படம் அது. க்ஷத்ரியர் பணத்துக்குப் படம் எழுதுவதாவது என்று முகம் சுளித்தவர்கள் உண்டு.

1873-ல் சென்னைக் கண்காட்சியில், தலையில் மல்லிகைப்பூ வைத்துக்கொள்ளும் நாயர் பெண்மணியின் படத்துக்குக் கவர்னர் கையால் பதக்கம். அதே படத்துக்கு வியன்னாவிலும் பரிசு. மறு வருஷம் ஸ்வரபத் வாசிக்கும் தமிழ்ப் பெண்மணி. அந்தப் படம் 1875-ல் இந்தியா வந்த வேல்ஸ் இளவரசருக்கு அன்பளிப்பாகப் போயிற்று. 1876-ல், தாமரை இலையில் துஷ்யந்தனுக்குக் கடிதம் எழுதும் சகுந்தலை. அதைக் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு வாங்கிக்கொண்டார். சாகுந்தலத்தை ஆங்கிலத்தில் தந்த மோனியர் வில்லியம்ஸ் தம் புத்தகத்துக்கு முகப்புப் படமாக அதையே போட்டார்.

இந்தப் புகழ் வந்த அதே வருஷங்களில் வீட்டில் வேறொன்று நடந்தது. ராணி லக்ஷ்மி பாயின் கணவர் கேரள வர்மா வலிய கோயில் தம்புரானை 1875-ல் மஹாராஜா கைது செய்து ஆலப்புழையிலும் பிறகு ஹரிப்பாட்டிலும் வைத்தார். ரவிவர்மாவை ஆதரித்த அதே மஹாராஜாதான். சகலை காவலில், இவர் அரண்மனையில் பதக்கங்களோடு. 1880-ல் மஹாராஜா காலமான பிறகுதான் கேரள வர்மாவுக்கு விடுதலை. அடுத்து வந்த விசாகம் திருநாளுக்கு ரவிவர்மாவிடம் அவ்வளவு பிரியமில்லை.

இங்கே நம்மவர் ஒருவர் வருகிறார். கும்பகோணத்தில் பிறந்த ராஜா ஸர் டி. மாதவ ராவ், முன்பு திருவிதாங்கூர் திவான், அப்போது பரோடா திவான். அவர்தான் ரவிவர்மாவைப் பரோடாவுக்கு வரவழைத்தார். 1881-ல் சயாஜிராவ் கெய்க்வாட் பட்டமேற்ற சமயம் அது. இன்னொன்றும் செய்தார்: இந்தப் படங்கள் ராஜாக்கள் வீட்டில் மட்டும் தொங்கக் கூடாது, நல்லதாகச் சிலவற்றைத் தேர்ந்து ஐரோப்பாவில் அச்சிட்டு ஜனங்களுக்குப் போகச் செய்யலாம் என்று கடிதம் எழுதினார். விதை போட்டவர் கும்பகோணத்துக்காரர் என்பதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

1888-ல் சயாஜிராவ் புராணப் படங்கள் பதினான்கு வேண்டுமென்றார். ரவிவர்மா தம்பி ராஜராஜ வர்மாவோடு வட இந்தியா முழுவதும் சுற்றினார். எதற்கு? தமயந்திக்கும் சீதைக்கும் என்ன உடை போடுவது என்று தெரியத்தான். போன இடமெல்லாம் ஒவ்வொரு உடை. புராண காலத்து உடை இதுதான் என்று காட்ட ஒருவரும் இல்லை. கடைசியில் புடவையைத் தேர்ந்தெடுத்தார். நம் மனதில் இன்று எல்லா தேவியும் புடவையோடு இருக்கிறாள் என்றால் அதில் பெரும் பங்கு அந்த முடிவுக்கு உண்டு. கோயில் விக்ரஹத்துக்கு நாம் புடவை சாத்துகிறோம், சரி. ஆனால் கல்லைச் செதுக்கிய ஸ்தபதி புடவையா செதுக்கினார்?

பேத்தியின் கேள்வி இங்கேதான் கூர்மையாகிறது. ஸ்தபதிக்கு மாடல் கிடையாது. தியான சுலோகம் உண்டு, தாள மானம் உண்டு. எத்தனை கை, எந்தக் கையில் என்ன, எந்த ஆசனம் என்பதெல்லாம் வகுக்கப்பட்டது. தெருவில் போகும் எந்த முகமும் அதில் வரக் கூடாது. அந்த விக்ரஹம் எந்த மனுஷரைப் போலவும் இல்லாததுதான் அதன் சத்தியம். ரவிவர்மா தியான சுலோகத்தைக் கையில் வைத்துக்கொண்டார். நான்கு கை, வீணை, புஸ்தகம், மயில் எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் முகத்துக்கு, எதிரே ஒரு பெண் உட்கார வேண்டியிருந்தது. பம்பாயில் அப்படி உட்கார்ந்தவர்களில் பாட்டுத் தொழில் செய்த குடும்பத்துப் பெண்களும் இருந்தார்கள். ஒளி எந்தப் பக்கமிருந்து விழுகிறது, பட்டு எங்கே மடிகிறது, கழுத்தில் நிழல் எப்படி என்பதெல்லாம் கண்ணுக்கு சத்தியம். தேவதைக்கு அது சத்தியமா?

1907-ல், அவர் காலமான மறு வருஷமே, ஆனந்த குமாரசாமி மாடர்ன் ரிவ்யூ பத்திரிகையில் இதைத்தான் கேட்டார். அவர் தகப்பனார் ஸர் முத்துக் குமாரசாமி யாழ்ப்பாணத் தமிழர். இந்தியக் கலை கண்ணில் படுவதை நகலெடுப்பதல்ல, ரவிவர்மாவின் தேவர்கள் நாடக மேடையில் வேஷம் போட்ட மனிதர்கள் என்பது அவர் கட்சி. ஸஹோதரி நிவேதிதை கடிதம் எழுதும் சகுந்தலையைப் பற்றியே கடுமையாக எழுதினார். தரையில் அப்படிப் படுத்துக்கொண்டு எழுதுவது இந்தியப் பெண்ணின் மரியாதைக்கு ஏற்றதா என்று கேட்டார். பிறகு ஐம்பது அறுபது வருஷம் ரவிவர்மா என்றாலே காலண்டர் படம் என்று அறிஞர்கள் ஒதுக்கி வைத்தார்கள்.

குமாரசாமி சொன்னதில் பாதி உண்மை என்று திருவனந்தபுரம் மியூசியத்தில் அந்தப் படங்களின் முன் நின்றபோது எனக்கே தோன்றியது. காலில் முள் தைத்ததுபோல் திரும்பிப் பார்க்கும் சகுந்தலை அழகுதான், ஆனால் யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்து திரும்புகிறாள். ரவிவர்மா பம்பாயில் நாடகங்களை விரும்பிப் பார்த்தவர். அது படத்தில் தெரிகிறது.

ஆனால் இன்னொரு படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதோ அப்பா வருகிறார் என்று அர்த்தம் வரும் ஆங்கிலத் தலைப்புள்ள படம். 1893-ல் எழுதியது. அந்த வருஷம் சிகாகோ உலகக் கண்காட்சிக்குப் போன அவருடைய பத்துப் படங்களில் ஒன்று. ஸ்வாமி விவேகானந்தர் அங்கே பேசிய அதே வருஷம், அதே ஊர். படங்களுக்கு இரண்டு விருதுகள் வந்தன. அவர் மட்டும் போகவில்லை. கடைசிவரை கடல் தாண்டாதவர். அந்தப் படத்தில் இருப்பது அவர் மகள் மகாபிரபா. இடுப்பில் குழந்தை, கீழே ஒரு நாய். அவள் குழந்தைக்கு எதையோ சுட்டிக் காட்டுகிறாள். அப்பா படத்தில் இல்லை. வெளியே எங்கிருந்தோ வந்துகொண்டிருக்கிறார்.

மருமக்கத்தாயம் இருந்த தேசத்தில் அப்பா என்பவர் வந்து போகிறவர். பிள்ளைகள் அம்மா வீட்டுச் சொத்து. ரவிவர்மாவோ அதற்கும் மேல். வருஷத்தில் பெரும் பகுதி மைசூர், பரோடா, பம்பாய் என்று சுற்றியவர். பாகீரதி தம்புராட்டி 1891-ல் காலமாகிவிட்டார். இரண்டு வருஷம் கழித்து மகளையும் பேரனையும் நிறுத்தி, வராத அப்பாவைக் காட்டச் சொல்லி வரைந்திருக்கிறார். தம்மைத்தான் வரைந்தார் என்று நான் சொல்லவில்லை. அவர் அதை நினைத்தே இருக்க மாட்டார். தேவியை வரையும்போது எதற்காகத் தேடித் தேடி உடையும் நகையும் சேர்த்தாரோ அது, வீட்டுப் பெண்ணை வரையும்போது கேட்காமலேயே வந்து உட்கார்ந்துகொண்டது என்றுதான் எனக்குப் பட்டது. என் தோப்பனார் ரயில்வேயில் இருந்தவர், மாதம் இரண்டு நாள் அகத்தில் இருப்பார். அம்மா வாசலில் இப்படித்தான் எங்களைத் தூக்கிக்கொண்டு நிற்பாள்.

அச்சகத்துக்கு வருகிறேன். 1894-ல் பம்பாய் கிர்காமில் ஜெர்மனியிலிருந்து இயந்திரமும் ஆட்களும் வரவழைத்து ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு தனிக் கல். கல்லின் மேல் அந்த வண்ணம் வர வேண்டிய இடத்தை மட்டும் எழுதி, ஒரே காகிதத்தை ஒன்றன்பின் ஒன்றாக எல்லாக் கல்லிலும் அழுத்தி எடுக்க வேண்டும். இம்மி நகர்ந்தாலும் உதடு ஒரு பக்கம், சிவப்பு ஒரு பக்கம். தாமரையில் நிற்கும் லக்ஷ்மியும் வீணை சரஸ்வதியும் இந்தக் கல்லிலிருந்துதான் லக்ஷக்கணக்கான வீடுகளுக்குப் போனார்கள். பம்பாயில் ப்ளேக் பரவிய காலம்; 1899-ல் அச்சகம் லோனாவ்லா பக்கத்து மளவ்லிக்கு மாறியது. கடன் ஏறியது. சீக்கிரமே ஃப்ரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மன் நிபுணருக்கே விற்றுவிட வேண்டியதாயிற்று. ரவிவர்மாவுக்கு வியாபாரம் வரவில்லை. பின்னாளில் ராஜா ஹரிச்சந்திரா எடுத்த பால்கே அந்த அச்சகத்தில் வேலை பார்த்தவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நம் சாஸ்த்ரிகள் ஒருவர், பெயர் வேண்டாம், அச்சடித்த படத்துக்கு ஆவாஹனம் ஏது, பிராணப் பிரதிஷ்டை ஏது, அது வெறும் காகிதம் என்று என்னிடம் அடித்துச் சொன்னார். சாஸ்திரப்படி அவர் சொல்வது சரியாகவே இருக்கட்டும். ஆனால் அந்தக் காகிதம் அச்சான காலத்தில் திருவிதாங்கூரில் எத்தனை பேரால் கோயிலுக்குள் போய் மூலவரைப் பார்க்க முடிந்தது? பல ஜாதியார் கோபுர வீதியிலேயே நடக்க முடியாத நாள் அது. பிராணப் பிரதிஷ்டை ஆன தேவி உள்ளே இருந்தாள், அவளைப் பார்க்க அவர்களுக்கு வழியில்லை. சில அணா கொடுத்தால் லக்ஷ்மி குடிசைக்கே வந்தாள். நம் சங்கப் பத்திரிகையில் இதை எழுதுவதில் எனக்குத் தயக்கம் இருந்தது. கோயிலுக்குள் இருந்தவர்கள் நாம். எழுதாமல் விட்டால் அவர் வாழ்க்கையைப் பாதிதான் சொன்னதாகும்.

1900-ல் ராஜகுடும்பத்தில் வாரிசு இல்லாமல், ரவிவர்மாவின் இரண்டு பெண்களுக்குப் பிறந்த பேத்திகள் சேது லக்ஷ்மி பாய், சேது பார்வதி பாய் இருவரையும் ஸ்வீகாரம் எடுத்தார்கள். சேது பார்வதி பாயின் குமாரர்தான் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மஹாராஜா. 1936 நவம்பர் 12 அன்று எல்லா ஹிந்துக்களுக்கும் கோயிலைத் திறந்துவிட்ட பிரகடனத்தில் கையெழுத்திட்டவர் அவர். அப்போது திவான் ஸர் சி.பி. ராமஸ்வாமி ஐயர். கொள்ளுத் தாத்தா காகிதத்தில் வெளியே அனுப்பினார், கொள்ளுப் பேரன் கதவைத் திறந்தார். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று சரித்திரக்காரர்கள் ஒப்புக்கொள்வார்களோ என்னவோ, குடும்பம் ஒன்று.

கடைசி வருஷங்கள் சுகமாக இல்லை. நீரிழிவு படுத்தியது. 1904-ல் சர்க்கார் கைசர்-இ-ஹிந்த் பதக்கம் கொடுத்தது. 1905 ஜனவரியில் தம்பி ராஜராஜ வர்மா போய்விட்டார். பன்னிரண்டு வயது இளையவர். கூடவே பயணம் செய்தவர், பல படங்களில் மலையும் மரமும் எழுதிக் கொடுத்தவர், ஆங்கிலத்தில் டைரி எழுதிவைத்தவர். அண்ணாவைப் பற்றி நமக்கு நாள்வாரியாகத் தெரிவதில் பாதி அந்த டைரியால்தான். அண்ணாவுக்கு அதன் பிறகு கை ஓடவில்லை. 1906 அக்டோபர் 2 அன்று கிளிமானூரிலேயே காலமானார். வயது 58. முடிக்காமல் விட்டது ஒரு பார்சிப் பெண்மணியின் படம் என்கிறார்கள். தெய்வங்களை வரைந்தவரின் கடைசிச் சட்டத்தில் இருந்தது யாரோ ஒரு மனுஷி.

1979-ல் அவர் படங்களை நாட்டின் கலைச் செல்வமாக சர்க்கார் அறிவித்தது. அசல்கள் இனி வெளிநாடு போக முடியாது. அச்சுப் படங்கள் எப்போதோ போய்விட்டன; இதைப் படிக்கும் அன்பர்களில் பலர் அகத்திலும் ஒன்றாவது இருக்கும்.

பேத்தியை ஒரு ஞாயிற்றுக்கிழமை மியூசியத்துக்கு அழைத்துப் போனேன். எல்லாப் படத்தையும் பார்த்துவிட்டு, ரவிவர்மாவின் தங்கை மங்களா பாய் தன் அண்ணாவை வரைந்த படத்தின் முன் வெகுநேரம் நின்றாள். இவர் மட்டும் யார் மாதிரியும் இல்லை தாத்தா, இவர் மாதிரியே இருக்கிறார் என்றாள். பிறகு அகத்துக்கு வந்து, சரஸ்வதி படத்தில் உதிர்ந்த ஜிகினாவை மறுபடி ஒட்டலாமா என்று கேட்டாள். மாட்டுப்பெண் ஃபெவிகால் எடுத்துக் கொடுத்தாள். நவராத்திரிக்குள் முடித்துவிடுவார்கள்.

திருவனந்தபுரம் போகும் அன்பர்கள் பத்மநாப ஸ்வாமி தரிசனத்தோடு மியூசியம் வளாகத்துக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். 1935 முதல் ஸ்ரீ சித்ரா ஆர்ட் காலரி அங்கே இருக்கிறது. ரவிவர்மா படங்களுக்கென்று தனிக் கட்டிடமும் 2023-ல் திறந்திருக்கிறார்கள். திங்கட்கிழமை விடுமுறை.